பழைய வெல்டிங் எஞ்சினைப் புதுப்பிக்கலாமா?

‘சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்’ என்பது நம் நாட்டுப் பழமொழி. பழைய வெல்டிங் இயந்திரம் ஒன்றை மலிவாக வாங்கிவிட்டு, அதன் தேய்ந்த எஞ்சினுக்கு வாங்கிய விலையைவிட அதிகமாகச் செலவிடும் விவசாயிகளுக்கு இப்பழமொழி அப்படியே பொருந்தும். எஞ்சினைப் புதுப்பிப்பது தவறு என்பதல்ல. புதுப்பித்தால் பலன் தரும் இயந்திரமும் உண்டு. பணத்தை விழுங்கும் இயந்திரமும் உண்டு. இரண்டையும் பிரித்தறியும் வேலையை எஞ்சினைக் கழற்றுவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். கழற்றிப் போட்ட பிறகு யோசிப்பதற்கு இடமில்லை.

விவசாயிக்கு ஏன் இந்த ஆசை?

சிறு விவசாயிக்கு வெல்டிங் இயந்திரம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். சேற்று உழவின்போது டிராக்டரின் கேஜ் வீல் பட்டை விட்டுப்போகிறது. ரோட்டவேட்டர் கத்தி தாங்கி விரிசல் காண்கிறது. டிரெய்லர் கதவின் கீல் உடைகிறது. நடவுக்குத் தண்ணீர் கட்டிய வயலில் வேலை நின்றுபோனால், உடைந்த பாகத்தைக் கழற்றி ஊருக்கு எடுத்துச் சென்று பற்றவைத்து வருவதற்குள் ஒரு நாள் போய்விடுகிறது. பருவத்தில் ஒரு நாள் என்பது சிறிய இழப்பன்று.

மின்சாரத்தில் இயங்கும் வெல்டிங் பெட்டி போதாதா என்றால், வயலில் அதற்கு வழியில்லை. தமிழ்நாட்டில் எல்லா விவசாய பம்புசெட்டுகளுக்கும் இலவச மின்சாரம் வழங்கும் திட்டம் 1990இல் வந்தது. ஆனால் அந்த இணைப்பு தண்ணீர் இறைப்பதற்கு மட்டுமே உரியது. அதில் வெல்டிங் செய்தால், 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆவது பிரிவின்படி அது அனுமதி பெறாத உபயோகமாகக் கருதப்பட்டு அபராதக் கட்டணம் வரும். ஆகவேதான் சொந்தமாக டீசல் எஞ்சின் பூட்டிய வெல்டிங் இயந்திரத்தின் மீது விவசாயிகளுக்கு நாட்டம் உண்டாகிறது.

மீஞ்சூர், பொன்னேரி, சோழவரம் பக்கத்து விவசாயிகளுக்கு இந்த நாட்டம் கூடுதலாக இருப்பதில் வியப்பில்லை. இராயபுரத்தில் தொடங்கித் திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை துறைமுகமும் தொழிற்சாலைகளும் பட்டறைகளும் காயலான் கடைகளும் வரிசையாக உள்ளன. எண்ணூர் அனல் மின்நிலையம் 1970இல் உற்பத்தியைத் தொடங்கி 2017இல் மூடப்பட்டது. வட சென்னை அனல் மின்நிலையம் 1990களில் எழுந்தது. 2001இல் திறக்கப்பட்ட எண்ணூர் துறைமுகம், 2014இல் காமராசர் துறைமுகம் என்று பெயர் பெற்றது. இத்தகைய கட்டுமானங்களில், மின்கம்பி எட்டாத இடத்தில் எஞ்சின் பூட்டிய வெல்டிங் இயந்திரங்களே வேலை செய்கின்றன. வேலை முடிந்ததும் ஒப்பந்தக்காரர்கள் இவற்றைக் கழித்துவிடுவார்கள். அவை கைமாறிக் கைமாறி, பெயிண்ட் பூசப்பட்டு, கடைசியில் விவசாயியின் கண்ணில் படுகின்றன.

முதலில் பார்க்க வேண்டியது எஞ்சினை அன்று

பலரும் செய்யும் பிழை, புகை தள்ளும் எஞ்சினையே பார்த்துக்கொண்டு, அதன் பின்னால் உள்ள ஜெனரேட்டரை மறந்துவிடுவது. வெல்டிங் இயந்திரத்தில் உயிர் ஜெனரேட்டரில்தான் இருக்கிறது. எஞ்சின் அதைச் சுற்றிவிடும் மாடு மட்டுமே. செக்கு உடைந்திருக்க, மாட்டுக்கு வைத்தியம் பார்ப்பதில் பயனில்லை.

எஞ்சின் எப்படியோ ஓடுகிறது என்றால், அதை வைத்தே ஜெனரேட்டரைச் சோதிக்கலாம். அனுபவமுள்ள வெல்டர் ஒருவரை அழைத்து, 10ஆம் நம்பர் கம்பியில் தொடங்கி, பிறகு 8ஆம் நம்பர் கம்பியில் அரைமணி நேரம் விடாமல் பற்றவைக்கச் சொல்ல வேண்டும். கரண்ட் சீராக வருகிறதா, வார்னிஷ் கருகும் வாடை அடிக்கிறதா, பிரஷ் முனையில் பெரிய தீப்பொறி பறக்கிறதா என்று கவனிக்க வேண்டும். கம்யூட்டேட்டர் உள்ள பழைய வகையானால், செப்புப் பட்டைகள் தேய்ந்து அவற்றின் நடுவே உள்ள மைக்கா மேலெழும்பி நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். மோட்டார் காயில் கட்டும் கடைக்காரரிடம் மெக்கர் கருவி இருக்கும். 500 வோல்ட்டில் சோதித்து, காயிலுக்கும் உடலுக்கும் இடையே காப்பு 1 மெகா ஓமுக்குக் குறைந்தால் எச்சரிக்கை கொள்ள வேண்டும். வெறும் ஈரமானால் உலர்த்திய பின் அளவு ஏறும். காயில் கெட்டிருந்தால் ஏறாது. கடற்காற்றிலே ஆண்டுக்கணக்கில் நின்ற இயந்திரத்தில் இரண்டும் சாதாரணம்.

காயிலும் கெட்டு, எஞ்சினும் தேய்ந்திருந்தால் அதை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. ஏற்கெனவே வாங்கியிருந்தால், அதற்கு மேல் பணம் போடாமல் செம்புக்கும் இரும்புக்கும் உரிய விலைக்குத் தள்ளிவிடுவதே நன்று.

தேய்ந்த எஞ்சினா, அடைத்த எஞ்சினா?

ஜெனரேட்டர் நன்றாக இருந்தால்தான் எஞ்சினைப் பற்றிப் பேச வேண்டும். அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 300 ஆம்பியர் இயந்திரம் முழுச் சுமையில் சுமார் 32 வோல்ட்டில் வேலை செய்யும்; அதாவது பத்துக் கிலோவாட்டுக்குச் சற்றுக் குறைவு. ஜெனரேட்டரில் வீணாவதையும் சேர்த்தால் அதற்கு 20 முதல் 25 குதிரைச் சக்தி எஞ்சின் வேண்டும். ஆனால் விவசாயி பயன்படுத்தும் 10ஆம் நம்பர் கம்பிக்கு 100 முதல் 130 ஆம்பியர் போதும். எஞ்சினுக்கு அது மூன்றில் ஒரு பங்குச் சுமைகூட இராது. கம்பி மாற்றும் நேரத்திலும், துண்டுகளைப் பொருத்தும் நேரத்திலும் எஞ்சின் சும்மாவே ஓடுகிறது.

டீசல் எஞ்சினைச் சுமையில்லாமல் மணிக்கணக்கில் ஓட்டினால் உள்ளே போதிய சூடு ஏறாது. டீசல் முழுவதும் எரியாமல் கரியாகப் படியும். ரிங்குகள் பள்ளத்தில் ஒட்டிக்கொள்ளும். லைனரின் உட்சுவர் கண்ணாடிபோல் வழவழப்பாகிவிடும். பிறகு எஞ்சின் ஆயில் குடிக்கும், புகை தள்ளும். பார்ப்பவர் ‘எஞ்சின் போய்விட்டது’ என்பார். உண்மையில் நாசிலைச் சரி செய்து, நல்ல சுமையில் சில மணி நேரம் ஓட்டினால் தெளிந்துவிடும் எஞ்சின்களும் இவற்றில் உண்டு. ஆகவே, புகையைப் பார்த்த மாத்திரத்தில் ஸ்பானரை எடுக்கக் கூடாது.

கீழ்க்கண்டவற்றை வரிசையாகப் பார்ப்பது நல்லது.

ஒன்று: எஞ்சின் ஆறியிருக்கும் காலை வேளையில் சென்று, தொட்டுப் பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்யச் சொல்ல வேண்டும். முன்பே சூடாக்கி வைத்த எஞ்சின் தன் குறையைக் காட்டாது. கெட்டியான கியர் ஆயிலைக் கலந்து புகையையும் சத்தத்தையும் மறைப்பதும் உண்டு. ஆயில் குச்சியை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தால் அது தெரிந்துவிடும்.

இரண்டு: புகையின் நிறம். கறுப்புப் புகை என்றால் நாசில், டீசல் பம்பு, ஏர் பில்டர் ஆகியவற்றை ஐயுற வேண்டும். இவை பெரும்பாலும் சிறு செலவு. சூடேறிய பின்னும் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. ரிங்கு அல்லது வால்வு கைடு தேய்ந்திருக்கலாம். வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் கம்ப்ரெஷன் குறைவு, டைமிங் பிசகு, அல்லது தண்ணீர் உள்ளே இறங்குவது காரணமாகலாம்.

மூன்று: சுமையில் ஓடும்போது பிரீதர் குழாயில் புகை குபுகுபுவென்று வருகிறதா? சூடேறிய பின் ஆயில் அழுத்தம் விழுந்துவிடுகிறதா? முன்னது ரிங்கு, லைனர் தேய்மானத்தைக் காட்டும். பின்னது பேரிங், கிராங்க் தேய்மானத்தைக் காட்டும். இரண்டும் சேர்ந்து வந்தால் முழு எஞ்சின் வேலைதான்.

நான்கு: ஆயில் செலவை அளக்க வேண்டும். 100 லிட்டர் டீசல் எரியும்போது ஒரு லிட்டர் வரை ஆயில் குறைந்தால் பழைய எஞ்சினுக்கு அது பெரிய குற்றமில்லை. இரண்டு, மூன்று லிட்டர் என்றால் தேய்மானம் உறுதி.

ஐந்து: எஞ்சினை முழுவதும் பிரிக்காமல், ஆயில் சம்பை மட்டும் இறக்கி ஒரு பேரிங் மூடியைக் கழற்றிப் பார்க்கலாம். பேரிங் ஷெல்லின் முதுகில் அதன் அளவு பொறிக்கப்பட்டிருக்கும். கிராங்கை 10, 20, 30 தவு, அதாவது 0.25, 0.50, 0.75 மில்லிமீட்டர் என்று படிப்படியாகக் கடைவது வழக்கம். ஏற்கெனவே 30 தவு கடைந்திருந்தால், அந்தக் கிராங்க் தன் ஆயுளின் கடைசிப் படியில் நிற்கிறது. பெரும்பாலும் புதிய கிராங்க் வேண்டிவரும்; அதற்குப் பிறகு கணக்கே மாறிவிடும்.

‘அரை எஞ்சின் வேலை’ என்னும் ஆசை

செலவைக் குறைக்க, ‘ரிங்கு மட்டும் மாற்றி அரை எஞ்சின் வேலை பார்த்துவிடலாம்’ என்று யோசனை சொல்வார்கள். லைனர் சரியாக இருந்தால் இது நல்ல யோசனைதான். லைனர் மேற்பகுதியில் தேய்ந்து, நகத்தால் தடவினால் படி தட்டுப்படுகிறது என்றால், புது ரிங்கு அதில் நிலைக்காது. சில மாதங்களில் பழைய புகையே திரும்பும். கொடுத்த பணமும் கூலியும் வீண். லைனரின் உள்விட்டத்தை மேலும் கீழும், குறுக்கும் நெடுக்கும் அளவுக் கருவி வைத்து அளந்த பிறகே அரை வேலையா, முழு வேலையா என்று தீர்மானிக்க வேண்டும். அளவெடுக்காமல் கண்ணால் பார்த்து முடிவு சொல்லும் பட்டறையைத் தவிர்ப்பது நல்லது.

அதைவிட முக்கியம் உதிரி பாகம். சென்னை செம்பியத்தில் உள்ள சிம்சன் நிறுவனத்தின் டீசல் எஞ்சின்கள் டிராக்டர்களிலும் பயன்படுகின்றன. அந்தக் குடும்பத்து எஞ்சினானால் லைனர், பிஸ்டன், பேரிங் எல்லாம் எளிதில் கிடைக்கும்; அதன் நாடி அறிந்த மெக்கானிக்கும் அருகிலேயே இருப்பார். வெளிநாட்டு இயந்திரத்தோடு வந்த அரிய எஞ்சினானால், பிஸ்டன் செட் கடையில் இருக்கிறதா என்று நேரில் பார்த்து விலை கேட்ட பிறகே பிரிக்க வேண்டும். ‘வரவழைத்துத் தருகிறேன்’ என்ற வாக்கை நம்பிப் பிரித்துப் போட்ட எஞ்சின், கொட்டகையிலேயே துருவேறிவிடும்.

அமெரிக்காவில் லிங்கன் எஸ்.ஏ. 200 என்ற பழைய வெல்டிங் இயந்திரத்தை இன்றும் புதுப்பித்துப் பயன்படுத்துகிறார்கள். கான்டினென்டல் என்ற நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் பூட்டியது அது. எண்ணெய்க் குழாய் பதிக்கும் வெல்டர்கள் அதன் ஜெனரேட்டரைப் பெரிதும் மதிக்கிறார்கள். எஞ்சின் தேய்ந்தால் புதுப்பிக்கத் தயங்குவதில்லை. காரணம் மூன்று: ஜெனரேட்டர் உறுதியானது, உதிரி பாகம் கிடைக்கிறது, இயந்திரத்துக்கு அன்றாடம் வேலை இருக்கிறது. இந்த மூன்றாவது காரணம்தான் நம் சிறு விவசாயியிடம் பெரும்பாலும் இல்லாதது.

கணக்கு என்ன சொல்கிறது?

ஓர் உதாரணக் கணக்கைப் பார்க்கலாம். இயந்திரத்தின் விலை ரூ.40,000, முழு எஞ்சின் வேலைக்கு ரூ.60,000, ஆக மொத்தம் ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்ளலாம். ஐந்து ஆண்டு கழித்து விற்றால் ரூ.40,000 கிடைக்கும் என்றால், ஆண்டுத் தேய்மானம் ரூ.12,000. நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டி ரூ.12,000. ஆண்டுக்கு ரூ.24,000 ஆகிறது.

இந்த இயந்திரம் சொந்த வேலைக்காக ஆண்டில் 30 மணி நேரம் மட்டும் ஓடினால், மணிக்கு ரூ.800 விழுகிறது. டீசல், கம்பி, வெல்டர் கூலி எல்லாம் இதற்கு மேல். அதே இயந்திரம் 300 மணி நேரம் ஓடினால் மணிக்கு ரூ.80தான். இயந்திரம் ஒன்றே, எஞ்சின் ஒன்றே, மெக்கானிக் ஒருவரே; ஓடும் நேரம்தான் வேறு. ஒவ்வொரு விவசாயியும் தம் ஊர் விலையையும், பட்டறையில் எழுதி வாங்கிய மதிப்பீட்டையும் இந்தக் கணக்கில் போட்டுப் பார்த்து, வயலுக்கே வந்து பற்றவைத்துத் தருபவர் கேட்கும் கூலியோடு ஒப்பிட வேண்டும்.

ஆகவே தெளிவாகச் சொல்லலாம். தம் சொந்த நிலத்து வேலைக்கு மட்டும் வெல்டிங் தேவைப்படும் சிறு விவசாயி, முழு எஞ்சின் வேலையில் இறங்கக் கூடாது. நவரை அறுவடையில் கிடைத்த பணம் அடுத்த பருவத்து விதைக்கும் உரத்துக்கும் உரியது; அதை லைனருக்குள் புதைத்துவிட்டு, மீண்டும் கடன் வாங்குவது அறிவுடைமை ஆகாது. அவருக்கு நாசில், டேப்பட், பில்டர் போன்ற சிறு வேலையோடு ஓடும் இயந்திரம் கிடைத்தால் வாங்கலாம். இல்லையேல், சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் இன்வெர்ட்டர் வெல்டிங் பெட்டியை, மின்வாரியத்தில் கேட்டு அதற்கு உரிய முறையான இணைப்பில் மட்டும் பயன்படுத்தலாம். வயலில் எப்போதோ வரும் வேலைக்கு ஆளை அழைத்துக்கொள்ளலாம்.

யாருக்குத் தகும்?

மறுபக்கத்து நியாயத்தையும் ஒதுக்கிவிட முடியாது. பழைய எஞ்சின்களின் வார்ப்பு கனமானது. முறையாகப் புதுப்பித்தால் பல ஆண்டு உழைக்கும் என்று மெக்கானிக்குகள் சொல்வதில் உண்மை உண்டு. வெல்டிங் வேலை நன்கு தெரிந்த விவசாயி அல்லது அவர் மகன், சுற்றுப்புற ஊர்களில் கூலிக்குப் பற்றவைத்துத் தர முன்வந்தால், இயந்திரம் ஓடும் நேரம் கூடும். புதுப்பித்தல் அங்கே தகும்.

கூட்டாகச் சேர்ந்தாலும் தகும். 2017-18இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய கூட்டுப் பண்ணையத் திட்டத்தில், 100 விவசாயிகள் கொண்ட உழவர் உற்பத்தியாளர் குழு ஒவ்வொன்றுக்கும் ரூ.5 லட்சம் தொகுப்பு நிதி தரப்பட்டது. அதைக் கொண்டு பண்ணை இயந்திரங்கள் வாங்கப்பட்டன. டிராக்டரும் பவர் டில்லரும் ரோட்டவேட்டரும் வைத்திருக்கும் குழுவுக்குப் பழுதுவேலை ஓயாமல் இருக்கும். அத்தகைய குழு, ஜெனரேட்டர் நன்றாக உள்ள, உதிரி பாகம் எளிதில் கிடைக்கும் இயந்திரம் ஒன்றைத் தேடி முழுமையாகப் புதுப்பித்து வைத்துக்கொண்டால், உறுப்பினர் அனைவருக்கும் பருவத்தில் கை கொடுக்கும். பொறுப்பாக ஓட்ட ஓர் ஆள், ஓடிய மணியை எழுத ஒரு நோட்டு, பழுதுக்கென ஒதுக்க ஒரு தொகை ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். பொதுச் சொத்து யாருக்கும் சொந்தமில்லாச் சொத்தாகிவிடக் கூடாது.

புதுப்பித்த பிறகு

புதுப்பித்த எஞ்சினை மணிக்கணக்கில் சும்மா ஓடவிடுவது முதல் கேடு. தொடக்கத்திலிருந்தே நடுத்தரச் சுமை கொடுத்து ஓட்டினால்தான் ரிங்குகள் லைனரோடு பொருந்தும். முதல் 50 மணி நேரத்தில் ஆயிலை மாற்றிவிட வேண்டும்.

மீஞ்சூர் வட்டாரத்து விவசாயிகள் மற்றொன்றையும் மறக்கலாகாது. அப்பகுதியில் நிலத்தடி நீருக்குள் கடல்நீர் புகுவது 1960களின் இறுதியிலேயே கண்டறியப்பட்டது. உவர்ப்பு ஏறிய அந்தக் கிணற்று நீரை ரேடியேட்டரில் ஊற்றினால், உப்புப் படிந்து சூடு ஏறும். லைனரின் வெளிப்புறம் அரிக்கும். பயிருக்கு ஆகாத தண்ணீர் எஞ்சினுக்கும் ஆகாது. சுத்தமான மழைநீரும் கூலண்ட்டும் கலந்து ஊற்றுவதே நல்லது. மாற்று எஞ்சின் பூட்ட நினைப்பவர்கள், படகிலிருந்து கழற்றிய எஞ்சினாக இருந்தால் தண்ணீர் செல்லும் அறைகள் அரிக்கப்பட்டுள்ளனவா என்று சோதித்த பிறகே வாங்க வேண்டும்.

விதை வாங்குமுன் முளைப்புத்திறன் பார்க்கிறோம். மாடு வாங்குமுன் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம். பழைய வெல்டிங் இயந்திரத்துக்கும் அதே நிதானம் வேண்டும். ஜெனரேட்டர் நன்றா, கிராங்கில் இன்னும் கடைய இடமுண்டா, உதிரி பாகம் கைக்கெட்டுமா, ஆண்டு முழுவதும் வேலை இருக்கிறதா? இந்த நான்குக்கும் ‘ஆம்’ என்ற விடை கிடைத்தால், தயங்காமல் எஞ்சினைப் புதுப்பிக்கலாம். ஒன்றுக்கு ‘இல்லை’ என்றாலும், ஸ்பானரைக் கீழே வைத்துவிடுவதே சிறு விவசாயிக்கு நலம் தரும்.